முப்பத்திரண்டு டீம்

அவருக்குப் பெயர் இருந்தது. எழுத மனமில்லை. விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் சோடாவும் கலரும் போடுகிற சின்னக் கம்பெனி வைத்திருந்ததால் ஊரே அவரைக் கலர்காரர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது வேறு, இது வேறு.

அவருடைய குணத்தை ஒரு டீக்கடையில் வைத்தே சொல்லிவிடலாம். நாங்கள் இரண்டு பேர் போய் நிற்போம். "மாஸ்டர், ரெண்டு டீ" என்பார். பால் கொதிப்பதற்குள் ரோட்டில் தெரிந்தவர் ஒருவர் சைக்கிளில் போவார். அவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "மூணா போடு" என்பார். அவரோடு அவர் மச்சான் இருப்பார். அப்புறம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற தாத்தா. டீ வருவதற்குள் ஏழு பேர் ஆகிவிடுவோம். எல்லோர் கையிலும் கிளாஸ் வருகிற வரைக்கும் தன் டீயை ஆறவிட்டுக்கொண்டு நிற்பார். கடைசியில் அவர் குடிக்கிற டீ எப்போதும் ஆறிப்போனதாகத்தான் இருக்கும்.

"இன்னொண்ணு சேத்தா இன்னா?" இதுதான் அவர் வாயில் எப்போதும் வருகிற பேச்சு. சோடாக் கம்பெனியில் பன்னீர் கலர், ஆரஞ்சு கலர் இரண்டும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பச்சையாக ஒன்று சேர்த்தார். அதற்கு என்ன ருசி என்று குடித்தவர்களுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. மகளுக்குக் காது குத்துக்குப் போட்ட பந்தல் அவர் வீட்டு வாசலில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிந்தது. அந்தத் தெருக்காரர்களை வேறு வழியில்லாமல் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குத் திண்டிவனத்தில் தையல் கடை. முட்டி பெயர்கிற வரைக்கும் எங்கள் ஊர்க் கபடி டீமுக்கு நான்தான் கேப்டன். முட்டி போன பிறகு அம்பயர் ஆனேன். எனக்குக் காது கூர்மை. பாடிப் போகிறவன் எதிர்க்கோர்ட்டில் "கபடி, கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் மூச்சு வாங்கினால் அவுட் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது வெளியே தெரியாது. இரண்டு கபடிக்கு நடுவில் மூக்கால் திருடுவான். அந்தத் திருட்டைப் பிடிக்கிற காது இந்தப் பக்கத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் என்று பேர்.

பொங்கலுக்கு மறுநாள் தொடங்கி இரண்டு நாள் திண்டிவனத்தில் ஒரு டோர்னமெண்ட் நடத்தினேன். எட்டு டீம். ஒரு கோர்ட்டு, ஒரு அம்பயர். பனியன்களுக்கு நம்பரைச் சிவப்புத் துணியில் நானே வெட்டித் தைப்பேன். ஒன்பது வருஷம் இப்படி நடந்தது. எட்டு டீமில் இடம் கிடைப்பது பெரிய கௌரவமாக இருந்தது. கிடைக்காதவர்கள் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள், நான் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இப்போது சொல்வதற்கென்ன.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்குத்தான் கலர்காரர் வந்தார். ஒரு டெம்போவில் கலர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விற்க வந்தவர், விற்பதை ஆளிடம் விட்டுவிட்டு இரண்டு நாளும் கோட்டருகே குந்திப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இன்னா டெய்லரே, எட்டு டீமோட வுட்டுட்டீங்க? இன்னொரு எட்டு சேத்தா இன்னா?"

"கோர்ட்டு ஒண்ணுதான இருக்குது."

"இன்னொண்ணு போட்டா ஆச்சு. சுண்ணாம்பு நான் தர்றேன்."

"அம்பயருக்கு எங்க போறது?"

"உங்கள மாதிரி இன்னொருத்தர கூப்புட்டுக்கலாம்."

"என்ன மாதிரி இன்னொருத்தர் கெடையாதுண்ணா."

அவர் சிரித்துவிட்டு, "அது நெசந்தான்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஒப்புக்கொண்டுதான் சொன்னார். அதுதான் அவரிடம் எனக்குத் தாங்காத விஷயம். நாம் குத்துகிற குத்து எதுவும் அவர் மேல் இறங்காது.

அடுத்த வருஷம் விழுப்புரத்தில் டோர்னமெண்ட் வைத்தார். என்னிடம் வந்து கேட்டுக்கொண்டுதான் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "நீங்க ரெண்டு நாள் முடிச்சதும் நான் ஆரம்பிக்கிறேன். உங்க ஆட்டத்துக்கு ஒரு தொந்தரவும் வராது" என்றார். பதினாறு டீம். ரயில் பாதைக்கு மேற்கே அறுவடை முடிந்த நிலத்தில் இரண்டு கோர்ட்டு போட்டிருந்தார். மறு வருஷம் இருபத்து நான்கு டீம். அத்தனை டீமுக்கு நாள் போதவில்லை, முன்னாலேயே தொடங்க வேண்டியதாயிற்று. என்னுடைய இரண்டாம் நாளும் அவருடைய முதல் நாளும் ஒரே நாளில் விழுந்தன. அன்று என் கோர்ட்டைச் சுற்றி நின்றவர்களை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

என்னை விட்டு முதலில் போன டீம் கெடார். அந்த டீமில் நெட்டையாக ஒருவன் இருந்தான், ரைஸ் மில்லில் வேலை. அவன் பாடிப் போனால் எதிர்க்கோர்ட்டில் ஏழு பேரும் பின்கோட்டோடு ஒட்டிக்கொள்வார்கள். அவனை முதலில் எட்டு டீம் ஆட்டத்தில் ஆடவிட்டவன் நான். அவன் பனியனில் ஏழு என்ற நம்பரைத் தைத்துக் கொடுத்தவனும் நான். அந்த நெட்டையே கடைக்கு வந்து சொன்னான்.

"கோச்சிக்காதீங்கண்ணா. இந்த வருஷம் விழுப்புரத்துக்குப் பேர் குடுத்துட்டோம். அங்க பனியனு, ஷார்ட்ஸு எல்லாம் குடுக்குறாங்க."

"நான் தச்சுக் குடுத்தது இன்னா, கோணியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மெஷினை ஓட்டினேன். ஊசியில் நூல் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அவன் போன பிறகுதான் பார்த்தேன்.

விழுப்புரத்தில் கொடுத்த அந்தத் திருப்பூர் பனியனைப் பிறகு பார்த்தேன். முதுகு முழுக்கப் பாத்திரக்கடைப் பேர், அதற்குக் கீழே சுண்டைக்காய் அளவில் நம்பர். யார் அவுட் என்று அம்பயர் எப்படிச் சொல்வான்? பாத்திரக்கடை அவுட் என்றா? இதை என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னேன். காஜா போட வந்தவர்களிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரிக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"அவரு நல்லாத்தான நடத்துறாரு? பொம்பளைங்களுக்குக்கூட தனியா எடம் போட்டு வச்சிருக்காராம். உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"ஆட்டம் கெட்டுப்போயிடும்."

"ஆட்டமா கெடுது? உங்க மூஞ்சிதான் கெட்டுப்போய்க் கெடக்குது."

மூன்றாவது வருஷம் முப்பத்திரண்டு டீம். அப்போதுதான் நான் சொன்னதெல்லாம் நடக்க ஆரம்பித்தது. முப்பத்திரண்டு டீமுக்கு ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது? நெல் வளர்கிற மாதிரி ஆட்டக்காரன் வருஷத்துக்கு இரண்டு போகம் வளர்வதில்லை. பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் பிடித்தான். ஒரே ஆள் காலையில் ஒரு பனியன், மத்தியானம் வேறு பனியன் போட்டுக்கொண்டு இரண்டு ஊருக்கு ஆடினான். ஒரே பக்கமாகச் சாய்ந்த ஆட்டங்களில் ஜனங்கள் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டு வேறு கதை பேசினார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் நான்கு நாளில் எட்டு ஆட்டம் ஆடி முட்டியிலும் கணுக்காலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டினார்கள். இதையெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். பஸ் ஏறிப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு மட்டமான பிடிக்கும் என் மனசு குளிர்ந்தது.

அந்தக் கூட்டத்தில் அவர் எப்படித்தான் என்னைக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. மைக்கில் குரல் வந்தது. "நம்ம திண்டிவனம் டெய்லர் வந்திருக்காரு. துண்டு போட்டுக்கினு கடைசில குந்திக்கினு இருக்காரு. அவர மேடைக்கு ஜல்தியா அழைக்கிறோம்." ஆயிரம் தலை திரும்பிப் பார்த்தது. போனேன். போட்டிருந்த துண்டின் மேல் இன்னொரு துண்டைப் போட்டு, "இவரு வச்ச எட்டு டீம் ஆட்டத்தப் பாத்துத்தான் நான் இத்த ஆரம்பிச்சேன்" என்று மைக்கில் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். என் ஊரில் ஒன்பது வருஷமாக எனக்கு அப்படிக் கைதட்டியதில்லை. அந்தக் கைதட்டலும் அவர் கொடுத்ததுதான் என்பது வீடு வந்து சேருகிற வரைக்கும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று இன்னொன்றும் பார்த்தேன், அதையும் மறைக்கக் கூடாது. திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. அந்தப் பையன்கள் என் கடை வாசலில் மூன்று பொங்கல் நின்றவர்கள். மூன்று தடவையும் நான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றவன். அவர்களை இவர் முப்பத்திரண்டில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். வெறுங்காலில், ஆளுக்கொரு நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு ஆடி, போன வருஷம் கோப்பை வாங்கிய டீமைத் தோற்கடித்தார்கள். ஒரு பையன் பக்கத்தவன் கையைக் கோத்துச் சங்கிலி போட்டுப் பிடித்த பிடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கலர்காரர் கோர்ட்டுக்குள்ளேயே ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டார். "பாத்தீங்களா டெய்லரே, இன்னொண்ணு சேத்தா இன்னா?" என்று மூச்சிரைக்க என்னிடம் வந்து கேட்டார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டேன்.

ஆனால் மைக் விஷயத்தை மட்டும் சொன்னேன். செலவுக்கு ஈடு கட்ட ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு விளம்பரம் என்று ஆரம்பித்தவர், விளம்பரம் அதிகமாகி, கடைசியில் ஒவ்வொரு ரெய்டையும் ஒரு கடைக்கு என்று பிரித்துவிட்டார். ஒருவன் கோட்டைத் தாண்டிப் பாடப் போகும்போதே நான்கு மூலையிலும் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர் அலறும். "இந்தப் பாட்டை உங்களுக்கு வழங்குபவர்கள்..." ஜவுளிக்கடை, நகைக்கடை, பம்பு செட்டுக் கடை. அவன் பாடித் திரும்பி வருகிற வரைக்கும் கடை விலாசம் போய்க்கொண்டிருக்கும்.

"அண்ணா, பாடுறது காதுல வுழலன்னா அம்பயரு இன்னா பண்ணுவாரு?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட நின்னா ஆச்சு."

"வுழலன்னா அது பாட்டே இல்லண்ணா. ரூலு அப்படி."

யோசித்தார். அடுத்த நாள் ஒவ்வொரு கோர்ட்டிலும் இன்னொரு அம்பயரைச் சேர்த்திருந்தார்.

நான்காவது வருஷம் எனக்குப் பேர் கொடுத்தது மூன்றே டீம். மூன்று டீமை வைத்துக்கொண்டு என்ன டோர்னமெண்ட் நடத்துவது? நிறுத்திவிட்டேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பொங்கலுக்கு மறுநாள் நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் டெம்போ டெம்போவாக ஆட்டக்காரர்கள் விழுப்புரம் பக்கம் போனார்கள். என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். அவருடைய டோர்னமெண்ட் இருக்கிற வரைக்கும் என்னுடையது இல்லை என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அது ஒழிந்துபோக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கடையில் யாருமில்லை.

இரண்டு நாள் கழித்து, ஃபைனலுக்கு முந்தின நாள், அவரே கடைக்கு வந்தார். ஃபைனல் கெடாருக்கும் முகையூருக்கும். இரண்டு டீமும் எந்த அம்பயர் பேரைச் சொன்னாலும் மறுக்கிறார்களாம். ஒரு பேருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறது.

"நீங்க வந்து நின்னாத்தான் ஆட்டம் நடக்கும். இல்லன்னா அடிதடிதான்."

"மைக்க நிறுத்துவீங்களா? பாட்டு போறப்ப ஒரு சத்தம் இருக்கக் கூடாது."

கையெடுத்துக் கும்பிட்டார். "நிறுத்துறேன். நீங்க சொல்றதுதான்."

என்னை விட்டால் ஆளில்லை என்று அவர் வந்து நின்றது எனக்குப் பால் குடித்த மாதிரி இருந்தது. ஒப்புக்கொண்டேன். நல்ல அம்பயராக நிற்கத்தான் போனேன். இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆட்டம். சவுக்குக் கம்பில் கட்டின கேலரி நிறைந்து, மரத்தில் எல்லாம் ஆள். அவர் வாக்குத் தவறவில்லை. கடைசி ரெய்டு வரைக்கும் மைக் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கூட்டமும் ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்தது. அந்த இரண்டு டீமும் ஆடின ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு டீமில் சலித்துச் சலித்துக் கடைசியில் நின்ற இரண்டு. எனக்கே கண் கலங்கிற்று. கலங்கினதும், இது என் கோர்ட்டில் நடக்கவில்லையே என்றுதான் தோன்றிற்று.

ஸ்கோர் சமம். நேரம் முடிய ஒரே ஒரு ரெய்டு. கெடார் நெட்டை பாடப் போனான். அவன் கோட்டைத் தாண்டவும் ஸ்பீக்கர் நான்கும் ஒன்றாக அலறின. "இந்தக் கடைசிப் பாட்டை உங்களுக்கு வழங்குபவர்கள்..." கடைசி ரெய்டைக் கேட்டு வாங்கியிருந்த ஒரு உரக்கடைக்காரர், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அறிவிப்பாளர் பக்கத்திலேயே நின்று மைக்கைத் திறக்க வைத்துவிட்டார். யூரியா, பொட்டாஷ், எல்லாம் வந்தது. கலர்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் மேடையை நோக்கி ஓடியதை நான் பார்த்தேன்.

நெட்டை என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் இருந்தான். எனக்குக் கேட்டது. யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் கீழே, மெல்லிசாக, கபடி, கபடி, கபடி. திருட்டு இல்லை. நூல் அறுபடவில்லை. கால் விரலால் முகையூர்க்காரன் ஒருவன் முழங்காலைத் தொட்டான், பிடிக்க வந்த கைகளில் வழுக்கினான், கோட்டைத் தாண்டி விழுந்தான். விழுந்த பிறகும் அவன் உதடு பாடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது எனக்கு என் கடை தெரிந்தது, கையாட்டிக்கொண்டு போன டெம்போக்கள் தெரிந்தன. விசில் ஊதி, நெட்டை அவுட் என்று கை காட்டினேன்.

"அண்ணா, பாடிக்கினுதாண்ணா வந்தேன்" என்றான் நெட்டை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மண்ணில் கிடந்தபடியே சொன்னான்.

"எனக்குக் கேக்கல" என்றேன். சொல்லிவிட்டு ஸ்பீக்கரைக் கை காட்டினேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அம்பயர் காதில் விழாத பாட்டு பாட்டு இல்லை, அந்த மைக் சத்தத்தில் எவன் காதிலும் விழாது, ஆக என் மேல் குற்றமில்லை என்று அந்தக் கூட்டமே எனக்காக முடிவு செய்துவிட்டது. கோபம் முழுக்க மேடைப் பக்கம் திரும்பிற்று. ஸ்பீக்கர் குழாய்கள் முதலில் விழுந்தன. அப்புறம் கேலரிக் கம்புகள். கலர் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், பன்னீர், ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஓடிச் சுண்ணாம்புக் கோட்டை அழித்தது. இடிபாட்டில் ஒருவருக்குக் கை ஒடிந்தது.

அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. மைக் செத்துப்போயிருந்ததால் தொண்டை கிழியக் கத்தினார். "தப்பு என்னுது. இந்தச் சத்தத்துல அவருக்கு எப்படிக் கேக்கும்? டெய்லர் மேல யாரும் கைய வைக்காதீங்க. எதுவா இருந்தாலும் என்னக் கேளுங்க." என் மேல் யாரும் கை வைக்கவே வரவில்லை. ஆனாலும் என்னைக் கூட்டத்திலிருந்து அணைத்து வெளியே கொண்டுவந்து, தன் ஸ்கூட்டரில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் விட்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க காதையே கெடுத்துட்டேனே டெய்லரே. இவ்ளோ வருஷம் வச்சிருந்த பேரு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் நகர்ந்துவிட்டது. கண்டக்டர் மேல் பழி போடுகிறேன். அவர் விசில் அடிக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அதோடு விழுப்புரம் டோர்னமெண்ட் நின்றது. நிலத்துக்காரர் இடம் தர மாட்டேன் என்றார், கடைக்காரர்கள் கழன்றுகொண்டார்கள். இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அதைப் பற்றி ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது. மனுஷன் அளவு தெரியாமல் பெருக்கிவிட்டார், ஆட்டத்தைக் கடைக்காரனுக்கு விற்றார், அதுதான் கவிழ்ந்தது. இதைச் சொல்கிற ஒவ்வொருவரிடமும் நான் தலையாட்டியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. முப்பத்திரண்டு நாற்பத்தெட்டு ஆகியிருக்கும், தரம் இன்னும் கெட்டிருக்கும், ஒரு நாள் ஏதோ ஒரு பாட்டு ஏதோ ஒரு விளம்பரத்தில் மூழ்கித்தான் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு மூழ்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நெட்டைக்குத் தெரியும், அவனை யார் கேட்டார்கள்? அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டு மெட்ராஸுக்கு லாரி ஷெட் வேலைக்குப் போய்விட்டான். திருவாமாத்தூர்ப் பையன்களை அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் நான் பார்க்கவில்லை. பெருத்ததால் கெட்டதா, நான் கெடுத்தேனா என்று யாராவது கேட்டால், இரண்டும் என்று சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நான் திரும்ப நடத்தினேன். எட்டு டீம் கேட்டேன், ஏழுதான் வந்தது. ஒன்பது வருஷத்தில் பார்க்காத கூட்டம் மட்டும் வந்தது. எல்லாம் அவர் பழக்கிவிட்ட கூட்டம். ஆட்டம் பார்க்க இல்லை, சத்தம் போட வந்த கூட்டம். பாட்டு போகும்போது விசிலும் ஊளையுமாகக் காது அடைத்தது. "அமைதி, அமைதி" என்று நான் கத்தினேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பையன் என் குரலையே திருப்பிக் கத்திக் கேலி செய்தான்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ தெரியவில்லை. முகம் சுருங்கி, ஆள் பாதியாக இருந்தார். கோர்ட்டைச் சுற்றி, கோட்டுக்கு வெளியே, மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். உதட்டில் ஒரு விரல். ஒவ்வொரு கூட்டமாக நின்று, குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"சத்தம் போடாதீங்கப்பா. டெய்லருக்குப் பாட்டு கேக்கணும். ஒரு வாட்டி என்னாலதான் கேக்காமப் போச்சு."

அவர் கடந்துபோன இடமெல்லாம் அடங்கிற்று. கேலி செய்த பையனும் அடங்கினான். ஒரு சுற்று அவர் முடித்தபோது அந்த மைதானத்தில் பாடிப் போகிறவனின் கபடி, கபடி மட்டும்தான் இருந்தது. எனக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் எனக்கு எதிரே, கோட்டருகில் குந்தி, சரியா என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் பாடுகிறவனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சிகூட இல்லை. என் ஊரில், என் கோர்ட்டில், என் தொண்டைக்கு அடங்காத ஜனம் அவருடைய ஒரு விரலுக்கு அடங்குகிறதே என்று வயிறு எரிந்தது.